மழையைத் திட்டிக்கொண்டே பனியாற்றுக்கு

காரின் கதவைத் திறப்பது எப்படி என்று எனக்கு ஒருவர் பாடம் நடத்தியது ஐம்பத்திரண்டாவது வயதில்தான். ஐஸ்லாந்தின் கெப்லாவிக் விமான நிலையத்துக்கு வெளியே வாடகைக் கார் கொடுக்கும் இடத்தில் இருந்த இளைஞர், சாவியைத் தருவதற்கு முன் எங்கள் மூவரையும் வண்டிக்கு அருகில் அழைத்துச் சென்று, ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் கதவின் விளிம்பையும் பற்றிக்கொண்டு, அங்குலம் அங்குலமாகத் திறந்து காட்டினார். காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டால் கீல் வளைந்துவிடும் என்றும், எவ்வளவு பணம் கட்டிக் காப்பீடு எடுத்திருந்தாலும் அந்தச் செலவு எங்கள் தலையில்தான் விழும் என்றும் சொன்னார். அன்று வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஒரு புல்கூட அசையவில்லை. இந்த மனிதர் காப்பீட்டை விற்பதற்காக நம்மைப் பயமுறுத்துகிறார் என்றே நான் நினைத்தேன்.

நெதர்லாந்தில் வேலை செய்யும் என் அக்காள் மகன்தான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டவன். செப்டம்பர் நடுவில் ஐந்து பகல்கள், ஐஸ்லாந்தின் தென்கரையோரமாக நெடுஞ்சாலை எண் 1, அதன் கிழக்குப் பகுதியில் வழிகாட்டியோடு பனியாற்றின் மேல் ஒரு நடை, பிறகு வந்த வழியே திரும்புதல். நாட்டைச் சுற்றி வரும் அந்தச் சாலையின் முழு நீளம் 1,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நாங்கள் பார்க்கப்போவது அதில் கால்வாசியை மட்டுமே. அவன் ஓட்டினான், நான் அவனுக்குப் பக்கத்தில் வரைபடத்தோடு உட்கார்ந்தேன், என் மனைவி பின் இருக்கையில் தின்பண்டங்களுக்கும் எங்கள் இருவரின் பேச்சுக்கும் பொறுப்பேற்றாள்.

முதல் நாளில் சொல்வதற்கு அதிகம் இல்லை. செல்யாலாண்ட்ஸ்ஃபாஸ், ஸ்கோகாஃபாஸ் என்ற இரண்டு அருவிகளும் அறுபது மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றன; இரண்டையும் உலகமே படமெடுத்து வைத்திருக்கிறது; நாங்களும் எடுத்தோம். முதல் அருவியின் பின்புறமாக நடந்து வரலாம். அப்படி நடந்து நனைந்து வெளியே வந்தபோது, வெளியேயும் அதே அளவுக்கு நனையும்படி மழை தொடங்கியிருந்தது. வாகன நிறுத்தத்தை அடைவதற்குள் மழை நின்று, வெயில் வந்து, வண்டியில் ஏறியதும் ஆலங்கட்டி கண்ணாடியில் தெறித்தது. எங்களுக்கு ஒரே நாளில் கிடைத்த இந்த நான்கு பருவங்களையும் பார்த்து மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் திட்டம் போட்டு வாழ்கிறவன். எட்டு மணிக்கு மழை என்றால் எட்டு மணிக்கு மழை பெய்ய வேண்டும்.

மறுநாள் ஸ்கோகாரிலிருந்து ஸ்காஃப்டாஃபெல் வரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பயணத்தின் உண்மையான சாலை அங்கேதான் தொடங்கியது. வீக் என்ற சிற்றூரின் தேவாலயம் ஒரு குன்றின் மேல் தனியாக நிற்கிறது. அழகுக்காக மட்டும் யாரும் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. ஊருக்குப் பின்னால் மிர்டால்ஸ்யோகுல் பனிப்படலத்தின் அடியில் இருக்கும் காட்லா எரிமலை வெடித்து வெள்ளம் வந்தால் மக்கள் ஏறி நிற்க வேண்டிய இடமும் அதுவே. காட்லாவின் கடைசிப் பெருவெடிப்பு 1918-இல் நிகழ்ந்தது. எரிமலையும் பனியும் ஒரே இடத்தில் இருந்தால் நெருப்பைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த செய்தி.

வீக்கைத் தாண்டிய பிறகு நெடுந்தூரத்துக்குப் பாசி படர்ந்த எரிமலைக்குழம்பு நிலம் வருகிறது. மேடும் பள்ளமுமாக உறைந்த கல்லின் மேல், கால் வைத்தால் அமுங்கும் சாம்பல் பச்சை நிறப் பாசி மெத்தை. 1783 ஜூனில் லாகி பிளவுகள் வெடித்து எட்டு மாதங்கள் கக்கிய குழம்பு இது. அதிலிருந்து கிளம்பிய நச்சு வாயு புல்லைக் கெடுத்தது, ஆடுமாடுகளைக் கொன்றது. தொடர்ந்த பஞ்சத்தில் அந்த நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மடிந்தனர். கிர்க்யூபையார்க்லாய்ஸ்துர் என்ற ஊரை நோக்கிக் குழம்பு வந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையன்று, பாதிரியார் யோன் ஸ்டேய்ன்கிரிம்சோன் தேவாலயத்துக்குள் மக்களைக் கூட்டிப் பிரசங்கம் செய்தார் என்றும், குழம்பு ஊருக்கு முன்பாகவே நின்றுவிட்டது என்றும் வரலாறு. அந்தப் பிரசங்கத்துக்கு நெருப்புப் பிரசங்கம் என்றே பெயர். அந்த ஊரின் பெட்ரோல் பங்கில் காபி குடிக்க இறங்கியபோது முதல் முறையாகக் காற்று என்னைத் தள்ளியது. கதவு கையில் இருந்தது, நல்லவேளை.

சாலையோரத்தில் ஆங்காங்கே மின்பலகைகள் இருந்தன. காற்றின் திசை, வேகம், வெப்பநிலை ஆகிய மூன்றும் அவற்றில் மாறி மாறித் தெரியும். வேகத்தை அவர்கள் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அது பிடிபடவில்லை. பன்னிரண்டு என்றால் நிறையவா, குறைவா? மருமகன்தான் கணக்குச் சொன்னான்: எழுதியிருக்கும் எண்ணை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். ஆக, 25 என்று பலகையில் தெரிந்தால் அந்தச் சாலையில் நமக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமான தொண்ணூறில் காற்று போகிறது என்று பொருள். நம் மொழி காற்றுக்குத் திசையை வைத்துப் பெயரிட்டது: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. ஐஸ்லாந்துக்காரர்களோ எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதை வைத்துப் படிப்படியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கோலா என்றால் இளங்காற்று, ரோக் என்றால் புயல், ஃபார்வித்ரி என்றால் பெரும்புயல். இன்னொரு சொல்லும் அவர்களிடம் உண்டு, குளுக்கவேதுர், ஜன்னல் வானிலை. ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்க்க அழகாகவும், வெளியே போனால் தாங்க முடியாததாகவும் இருக்கும் வானிலைக்கு அந்தப் பெயர். அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு மறுநாள் விளங்கியது.

ஸ்காஃப்டாஃபெல்லுக்கு அருகில் விடுதியை அடைந்த அன்று மாலை ஏழு மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது. நாளைக் காலை நடை காற்றின் காரணமாக ரத்து. மறுநாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது பணத்தைத் திரும்பப் பெறலாம். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஐஸ்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான, 2,110 மீட்டர் உயரமுள்ள க்வன்னதால்ஸ்ஹ்னூகுர், மேகத்தின் நூலிழைகூட இல்லாமல் இளஞ்சிவப்பாக நின்றது. இந்த வானத்தைப் பார்த்துக்கொண்டா ரத்து செய்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. போதிய ஆள் சேரவில்லை போலும், காற்றின் மேல் பழியைப் போடுகிறார்கள் என்றுகூடச் சொன்னேன். மருமகன் ஒன்றும் பேசாமல் மறுநாளுக்கு மாற்றினான். திரும்பும் பயணத்துக்காக நாங்கள் ஒதுக்கியிருந்த நாளின் முற்பகல் அதில் போயிற்று.

விடிந்தபோது வெயில். ஜன்னலுக்கு வெளியே மலையும் பனியும் பளிச்சென்று இருந்தன. ஆனால் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. அதிர்வு ஒரே சீராக இருந்திருந்தால் பழகிவிட்டிருக்கும்; அது விட்டுவிட்டு வந்தது. சில நொடிகள் அமைதி. பிறகு யாரோ லாரியைக் கொண்டுவந்து சுவரில் இடித்தது போல ஓர் அறை. விடுதி நடத்தும் அம்மையார் காலை உணவு மேசையில் எங்களுக்கு அதன் காரணத்தை விளக்கினார். வடக்கிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வருவதால் தெற்குப் பக்கம் வானம் தெளிந்துவிடும்; ஆனால் அதே காற்று ஓரைவயோகுல் என்ற அந்தப் பெரும் எரிமலையைத் தாண்டிச் சரிவில் உருண்டு இறங்கும்போது கீழே சாலையில் போகும் பேருந்தையும் புரட்டும் வலுவோடு வந்து விழும். தெற்கிலிருந்து வரும் காற்று மழையைக் கொண்டுவரும், ஆனால் மலையின் இந்தப் பக்கத்தில் அவ்வளவு முரட்டுத்தனம் செய்யாது. ஆகவே இங்கே வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் கொடிக்கம்பத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மேற்கே ஸ்கேய்தரார்சாண்டுர் மணல்வெளியில் சாலையை மூடிவிட்டதாகவும் சொன்னார். அங்கே மணல் பறக்கும்போது வண்டி ஓட்டினால் வண்ணப்பூச்சு உரிந்து, கண்ணாடி மங்கிப்போகுமாம். வாடகைக் கார்க்காரர் மணலுக்கென்றே தனிக் காப்பீடு ஒன்றையும் காட்டியது நினைவுக்கு வந்தது.

பிற்பகலில் காற்று தணிந்த பிறகு கிழக்கே போனோம். ஹோஃப் என்ற இடத்தில் புல்தரை போர்த்திய கூரையோடு ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது. 1884-இல் கட்டி முடிக்கப்பட்டது. சுற்றிலும் கல்லறை மேடுகள் இருக்க, தேவாலயமும் அவற்றில் ஒன்று போலப் பூமிக்குள் அமுங்கித் தெரிகிறது. அந்த நிலப்பகுதிக்கு ஓரைவி என்று பெயர். பாழ்நிலம் என்று பொருள். முன்பு அதற்கு லிட்லா ஹேராத், அதாவது சிறு நாடு என்ற பெயர் இருந்தது. பண்ணைகளும் தேவாலயங்களும் நிறைந்த செழிப்பான பகுதி. 1362-இல் ஓரைவயோகுல் வெடித்து அத்தனையையும் எரிமலைச் சாம்பலால் மூடியது. பிறகு அங்கே குடியேறியவர்கள் பழைய பெயரை வைத்துக்கொள்ளவில்லை. முந்தைய நாள் மாலை நான் ரசித்த இளஞ்சிவப்புச் சிகரம் அந்த எரிமலையின் விளிம்பில்தான் நிற்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யோகுல்சார்லோன் ஏரியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். பிரேய்தாமெர்குர்யோகுல் என்ற பனியாறு பின்வாங்கத் தொடங்கியதால் 1930-களில் உருவான ஏரி அது. இன்று அந்த நாட்டின் மிக ஆழமான ஏரியும் அதுதான். முறிந்து விழுந்த பனிப்பாறைகள் மிதந்து, குட்டையான ஓர் ஆற்றின் வழியே கடலுக்குப் போய், அலை திருப்பி எறிய, கறுப்பு மணலில் கண்ணாடிக் கட்டிகளாகக் கிடக்கின்றன. மனைவி ஒரு துண்டைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லை.

நான்காம் நாள் விடிந்தபோது மழை. மலை, சிகரம், பனி எதுவும் தெரியவில்லை; சாம்பல் நிறச் சுவர் ஒன்று ஜன்னலுக்கு நூறு அடி தள்ளி நின்றது. இன்று நிச்சயம் ரத்துதான் என்று சொல்லிக்கொண்டே செருப்போடு உட்கார்ந்திருந்தேன். செய்தி எதுவும் வரவில்லை. வெயில் அடித்த நாளில் வேண்டாம் என்றவர்கள் மழை கொட்டுகிற நாளில் வா என்கிறார்கள்.

வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். அவர் முதலில் பார்த்தது எங்கள் முகங்களை அல்ல, காலணிகளை. கணுக்காலைப் பிடிக்காத காலணி போட்டு வந்த இருவருக்கு வேறு காலணி கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராக உட்கார வைத்து, கிராம்பான் எனப்படும் இரும்பு முட்சட்டத்தைக் காலணி அளவுக்குத் திருகிப் பொருத்தினார். தலைக்கவசம், இடுப்பில் கட்டும் வார்ப்பட்டை, ஒரு பனிக்கோடரி. எதற்கு இந்த இடுப்புவார் என்று மனைவி கேட்டாள். யாராவது பிளவுக்குள் விழுந்தால் தூக்கி எடுக்க ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும் அல்லவா என்று, பால் பாக்கெட்டுக்குக் கைப்பிடி எதற்கு என்பதை விளக்குகிற குரலில் பதில் வந்தது. ஒரு பழைய பேருந்து எங்களைக் கால் மணி நேரத்தில் ஃபால்யோகுல் என்ற பனியாற்றின் அடிவாரத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

பனியாறு பேருந்து நிற்கும் இடத்திலேயே தொடங்கவில்லை. கற்களும் சேறும் கலந்து கொட்டிவைத்த மேடுகளின் மேல் அரை மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. அந்த மேடுகளையும் பனியாறுதான் கொண்டுவந்து கொட்டியது. ஐஸ்லாந்தின் பனியாறுகள் 1970-களிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை நின்ற இடத்திலேயே நின்றன, சில முன்னேறவும் செய்தன. 1995 வாக்கிலிருந்து ஏறக்குறைய எல்லாமே பின்வாங்குகின்றன. வழிகாட்டி ஒரு பெரிய பாறையைத் தட்டிக்காட்டி, தான் இந்த வேலைக்கு வந்த முதல் ஆண்டில் முட்சட்டத்தை இங்கேதான் மாட்டினோம் என்றார். அதற்கப்பால் நாங்கள் இன்னும் பத்து நிமிடம் நடந்த பிறகே பனியின் விளிம்பு வந்தது. அவர் வேலைக்கு வந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகின்றனவாம்.

பனியின் மேல் நடக்கக் கற்றுக்கொள்வது குழந்தையாகத் திரும்புவது போன்றது. கால்களை அகட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு காலின் முள் மறுகாலின் கால்சட்டையைப் பிடித்து இழுத்து ஆளைக் கவிழ்க்கும். நுனிக்காலில் நடக்கக் கூடாது. பாதம் முழுவதையும் தட்டையாக, கோபத்தோடு தரையை மிதிப்பது போல மிதிக்க வேண்டும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் பயம். உடல் பின்னால் சாயப் பார்க்கும், ஆனால் முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால்தான் எல்லா முட்களும் பனியைக் கவ்வும். வழிகாட்டி முன்னால் போய், கோடரியால் குத்திப் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் இரண்டு படி வெட்டி, பிறகே எங்களை அழைத்தார். அவரைத் தாண்டி ஓர் அடிகூட யாரும் வைக்கக் கூடாது என்பது முதல் விதி. 2024 ஆகஸ்டில், இங்கிருந்து கிழக்கே, முந்தைய நாள் நாங்கள் பார்த்த அதே பிரேய்தாமெர்குர்யோகுல்லில் பனி இடிந்து விழுந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்ததை அவரே சொன்னார். மிரட்டுவதற்காகச் சொன்னதாகத் தோன்றவில்லை. நேற்று போன பாதையில் இன்று போகலாமா என்பதை ஒவ்வொரு காலையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொன்னார்.

மழை விடவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், இந்த மழை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் சொன்னதால் அவருக்குப் புரிந்தது. அவர் நின்று, திரும்பி, எங்களைச் சுற்றி நிற்கச் சொல்லி, மேலே கை காட்டினார். மேகத்துக்குள் எங்கோ பனி செங்குத்தாக உடைந்து இறங்கும் பனியருவியின் அடிப்பகுதி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அந்த மேகத்துக்குள் இந்த மழை மழையாக இருக்காது, வெண்பனியாக இருக்கும் என்றார். இந்தப் பனியாறு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

பிறகு அவர் சொன்னதை என் வார்த்தைகளில் எழுதுகிறேன், ஏனென்றால் நான் கொண்டுபோன ஒரு தவறான எண்ணம் அந்த இடத்தில் உடைந்தது. குளிர் மிகுந்த இடத்தில் பனியாறு பெரிதாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஐஸ்லாந்தில் அப்படி இல்லை. தென்கரையோரம் அவ்வளவு குளிரான இடமே அல்ல. வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பால் ஜனவரியிலும் கரையோரத்தில் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். வடக்குப் பகுதி இதைவிடக் குளிர்ந்தது, ஆனால் அங்கே இருக்கும் பனியாறுகள் சின்னஞ்சிறியவை. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டு விழுக்காட்டை மூடியிருக்கும் வாட்னயோகுல், அதன் ஒரு கிளையான இந்த ஃபால்யோகுல், மேற்கே மிர்டால்ஸ்யோகுல் ஆகியவை தெற்கில் இருப்பதற்குக் காரணம், அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வரும் தாழ்வழுத்த மண்டலங்கள் முதலில் மோதுவது இந்த மலைகளில்தான் என்பதே. மேலே ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் பொழிகிறது. சென்னையில் பெய்வது சுமார் 1,400. கோடையில் எவ்வளவு உருகுமோ அதைவிட அதிகமாகக் குளிர்காலத்தில் கொட்டினால், மிஞ்சியது அடுத்த ஆண்டுப் பனியின் கீழே புதையும், புதைந்தது அமுங்கும், அமுங்க அமுங்கக் காற்று வெளியேறிக் கட்டியாகும், கனம் தாங்காமல் சரிவில் வழியத் தொடங்கும். நான்கு நாட்களாக நான் திட்டிக்கொண்டிருந்த வானிலை சேர்ந்து சேர்ந்து உருவானதுதான் என் காலுக்கடியில் இருந்தது.

வழிகிறது என்பதை மனிதர்கள் ஏற்றுக்கொள்ளவே காலம் பிடித்திருக்கிறது. 1794 ஆகஸ்டில் ஸ்வேய்ன் பால்சோன் என்ற ஐஸ்லாந்து மருத்துவர் இதே ஓரைவயோகுல்லின் மேல் ஏறினார். மேலிருந்து கீழே இறங்கும் பனிநாக்கைப் பார்த்தபோது, அதன் மேல் வளைவளைவாக ஓடும் கோடுகள் அவர் கண்ணில் பட்டன. பனி உருகாமலேயே, குங்கிலியம் போல மெதுவாக வழியக்கூடியது என்று அதிலிருந்து அவர் முடிவுக்கு வந்தார். பனியாறுகளைப் பற்றி அவர் எழுதி கோபன்ஹேகனுக்கு அனுப்பிய நூல் அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை. அவர் கவனித்ததையே பிற நாட்டு அறிஞர்கள் பல பத்தாண்டுகள் கழித்துத் தங்கள் கண்டுபிடிப்பாக எழுதினார்கள். யோகுல் என்ற ஐஸ்லாந்துச் சொல்லுக்கு அடிப்பொருள் பனிக்கட்டித் துண்டு, கூரையிலிருந்து தொங்கும் பனிக்கூர் என்பதுதானாம். ஓட்டம் அந்தச் சொல்லில் இல்லை. தமிழில் பனி என்ற ஒரே சொல்லை மார்கழிப் புல்லின் துளிக்கும் இமயத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிற ஏழைகள்தாம் நாம். ஆனாலும் இந்த ஒன்றுக்குப் பெயர் வைத்தவர்கள் பனியாறு என்று வைத்தார்கள். பள்ளிக்கூடப் புவியியல் பாடத்தில் அந்தச் சொல்லைப் படித்தபோது அதில் ஆறு இருப்பதை நான் கவனித்ததில்லை.

மேலே ஏற ஏறக் கறுப்பு நிறக் கூம்புகள் வந்தன, முழங்கால் உயரம், இடுப்பு உயரம். எரிமலைச் சாம்பல் குவியல் என்று நினைத்து ஒருவர் கோடரியால் தட்ட, உள்ளே முழுக்கப் பனிக்கட்டி. சாம்பல் வெறும் இரண்டு விரல்கடை போர்வைதான். சாம்பல் மெல்லிய தூசாகப் படிந்தால் வெயிலை உறிஞ்சிப் பனியை விரைவாக உருக்குகிறது. கனமாகப் படிந்தால் அதுவே வெயில் படாமல் பனியைக் காப்பாற்றுகிறது. சுற்றிலும் உள்ளது உருகித் தாழ, மூடியிருந்த இடம் மட்டும் கூம்பாக எஞ்சுகிறது. சற்றுத் தள்ளி, மேற்பரப்பில் ஓடிவந்த நீரோடை ஒன்று ஒரு துளைக்குள் சுழன்று இறங்கி மறைந்தது. வழிகாட்டி என் இடுப்புவாரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, எட்டிப் பார்த்தேன். வெளிர்நீலத்தில் தொடங்கிய சுவர் இறங்க இறங்க அடர்ந்து, மைக்கூட்டுக்குள் பார்ப்பது போலாகி, அதற்கும் கீழே கண்ணுக்கு எட்டவில்லை; தண்ணீரின் சத்தம் மட்டும் வந்தது.

அந்த நீலத்தைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொண்டேன். காற்றுக்குமிழி இல்லாத அடர்ந்த பனிக்கட்டி, ஒளியில் உள்ள சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் வெயில் நாட்களில் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, பொரித்த அரிசி போல வெளுத்த ஒரு மேலோடு உண்டாகிவிடும். நீலம் அதற்குள் மறைந்துவிடும். மழைதான் அந்த மேலோட்டைக் கரைத்துக் கழுவிவிடுகிறது. முந்தைய நாளின் வெயிலில் நாங்கள் ஏறியிருந்தால் இந்த நிறத்தைப் பார்த்திருக்க முடியாது. மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் ஒன்றும் சொல்லாததற்கு நான் இன்றும் நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

மேலே இன்னும் போக வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். வழிகாட்டி மேகத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பனியருவியின் பக்கம் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார். போதும் என்றார். காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இறங்கும் வழியில் ஓடையிலிருந்து எங்கள் புட்டிகளை நிரப்பிக்கொண்டோம். பல் கூசும் குளிர்ச்சி. சுவை என்று எதுவுமே இல்லை.

1890 வாக்கிலிருந்து 2019 வரையில் ஐஸ்லாந்தின் பனியாறுகள் 2,200 சதுர கிலோமீட்டருக்கும் மேல் சுருங்கியிருக்கின்றன. அதாவது ஏறத்தாழ 18 விழுக்காடு. இந்தக் கணக்கைப் பயணத்துக்கு முன்பே படித்திருந்தேன், அது என்னை ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பாறைக்கும் பனி விளிம்புக்கும் இடையே முட்சட்டத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, சேற்றில், மழையில் திரும்பி நடந்த பத்து நிமிடம்தான் செய்தது.

பிற்பகலில் மேற்கே கிளம்பினோம். ஸ்காஃப்டாஃபெல்லைத் தாண்டியதும் சாலையோரத்தில் முறுக்கிய இரண்டு பெரிய இரும்பு உத்திரங்களை நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். இந்த மணல்வெளியின் ஆறுகளுக்குப் பாலம் கட்டிய பிறகுதான், 1974-இல், நாட்டைச் சுற்றும் சாலை முழுமை பெற்றது. அதற்கு முன் இந்தப் பகுதிக்காரர்கள் காரில் தலைநகருக்குப் போக வேண்டுமானால் வடக்கே சுற்றி நாட்டின் மறுபக்கம் வழியாகத்தான் போக வேண்டும். 1996 செப்டம்பர் இறுதியில் வாட்னயோகுல்லின் அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் க்ரிம்ஸ்வோட்ன் என்ற பள்ளத்தில் ஐந்து வாரங்கள் தேங்கி, நவம்பர் 5 அன்று பனியைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. வீடு அளவுள்ள பனிப்பாறைகளை உருட்டி வந்த அந்த வெள்ளத்தில் ஒரு பாலம் முழுதாகப் போயிற்று, ஸ்கேய்தரா ஆற்றின் பாலம் ஒரு பகுதி சிதைந்தது. முன்கூட்டியே சாலையை மூடியிருந்ததால் யாரும் சாகவில்லை.

சிதைந்ததைச் செப்பனிட்டார்கள். ஏறத்தாழ 900 மீட்டர் நீளத்துக்கு நின்ற அந்தப் பாலம்தான் அப்போது நாட்டிலேயே மிக நீளமானது. பிறகு 2009-இல் ஆறே இடம் மாறியது. பனியாறு பின்வாங்கியதால் உருகிய நீருக்கு வேறு தாழ்வான வழி கிடைத்து, மேற்கே ஓடும் இன்னோர் ஆற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது சாலை அந்தப் பாலத்தைத் தொடாமல் ஒரு சிறிய புதுப்பாலத்தின் வழியே போகிறது.

மருமகன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். மனைவி பின்னாலிருந்து எனக்கு நினைவூட்டினாள், “ரெண்டு கையாலயும் பிடிங்க.” பிடித்துக்கொண்டே இறங்கினேன். மழை பக்கவாட்டில் வந்து முகத்தில் அடித்தது. எங்களுக்கு முன்னால் பழைய பாலம், கறுப்பு மணலின் மேல், மறுகோடி மழையில் கரையும் வரை நீண்டு கிடந்தது. அதன் தூண்களுக்கு அடியில் ஆறு இல்லை, அங்கங்கே தேங்கிய மழைத்தண்ணீர் மட்டும் இருந்தது.